ஹேஸ் விதிகளைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊர்த் திரையரங்கில் விளக்கணைந்ததும் முதலில் வந்து நிற்பது தணிக்கைச் சான்றிதழ். எத்தனை ரீல் என்று எட்டிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அதனால் ‘அந்தக் கால ஹாலிவுட்டில் சென்சார் ரொம்பக் கடுமை’ என்று யாராவது சொன்னால், அங்கேயும் ஓர் அரசு வாரியம் உட்கார்ந்து, முடிந்த படத்தைப் பார்த்து, இங்கே வெட்டு, அங்கே வெட்டு என்று சொல்லியிருக்கும் என்றே நினைத்துக்கொள்கிறோம். பழைய அமெரிக்கப் படங்களைப் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் பேசினாலும் ஆசையாகத் தேடிப் போகிறவன் நான். அங்கே திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழைகளில் பாதி இந்த ஒரு நினைப்பிலிருந்து வருபவை.

ஹாலிவுட் படங்களில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று வகுத்த ஹேஸ் விதிகள் அரசுச் சட்டம் அல்ல. ஸ்டுடியோ முதலாளிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. ஏன் போட்டுக்கொண்டார்கள்? பயம்தான். 1915ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது: படம் காட்டுவது வெறும் வணிகம், அதற்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு கிடையாது. அந்தத் தீர்ப்பின் நிழலில் எந்த மாநிலமும் எந்த நகரமும் தனக்கென்று ஒரு தணிக்கை வாரியம் வைத்துக்கொள்ளலாம் என்றானது. 1920களின் தொடக்கத்தில் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் மீதான வழக்கும், இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லரின் கொலையும் செய்தித்தாள்களை நிறைத்தபோது, ஹாலிவுட் என்றாலே ஒழுக்கக்கேடு என்ற பேச்சு நாடு முழுக்கப் பரவியது. வாஷிங்டன் கை வைப்பதற்குள் நாமே ஒரு பெரிய மனிதரைக் கொண்டுவந்து வாசலில் உட்கார வைப்போம் என்று 1922ல் முதலாளிகள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் தலைவராக வந்தவர்தான் வில் ஹேஸ். அதற்கு முன் அவர் அமெரிக்க அரசின் தபால் துறைத் தலைவர்.

சரி, அரசுக்கு இதில் பங்கே இல்லை என்று எதிர்ப்பக்கம் போய் விழுவதும் தவறு. நியூயார்க், பென்சில்வேனியா, ஒஹையோ, மேரிலாந்து, வர்ஜீனியா, கான்சாஸ் ஆகிய மாநிலங்களில் நிஜமான அரசுத் தணிக்கை இருந்தது. மேரிலாந்தில் அது 1981 வரைக்கும் நீடித்தது. ஒரே படத்தை ஒரு மாநிலத்தில் ஒரு மாதிரியும் பக்கத்து மாநிலத்தில் வேறு மாதிரியும் மக்கள் பார்த்தார்கள். இந்த வாரியங்கள் கையில் கத்தரியோடு நின்றதால்தான், வெட்டு விழாத மாதிரி முதலிலேயே எழுதிவிடுவோம் என்ற கணக்கு ஸ்டுடியோக்களுக்கு வந்தது. நம் ஊர்த் தணிக்கை வாரியம், எடுத்து முடித்த படத்தைப் பார்க்கிறது. அங்கே கதைச்சுருக்கம், திரைக்கதை, பாட்டு வரிகள், உடைகள் என்று படம் எடுப்பதற்கு முன்பே சங்க அலுவலகத்தோடு கடிதப் போக்குவரத்து தொடங்கிவிடும்.

பெயரும் குழப்புகிறது. விதிகளை ஹேஸ் எழுதவில்லை. எழுதியவர்கள் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைப் பாதிரியாரும், மார்ட்டின் குயிக்லி என்ற சினிமாப் பத்திரிகை அதிபரும். இருவரும் கத்தோலிக்கர்கள், ஹேஸோ பிரெஸ்பிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர். 1934 முதல் 1954 வரை, நடுவில் கொஞ்ச நாள் தவிர, சங்கத்தின் அலுவலகத்தில் நாள்தோறும் உட்கார்ந்து அந்த விதிகளைக் கறாராக நடத்தியவர் ஜோசப் பிரீன். ஸ்டுடியோ எழுத்தாளர்களுக்குத் தினசரி நடுக்கம் கொடுத்த பெயர் பிரீன்தான்.

‘ப்ரீ-கோட்’ என்ற சொல்

விதிகள் வருவதற்கு முன்பு வந்த படங்களே ‘ப்ரீ-கோட்’ படங்கள் என்று எழுதுகிறார்கள். சொல்லைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் விதிகள் 1930 மார்ச்சிலேயே ஏற்கப்பட்டுவிட்டன. அதற்கும் முன்னால், 1927ல், கூடாதவை 11, கவனமாகக் கையாள வேண்டியவை 25 என்று ஒரு பட்டியலும் இருந்தது. ‘ப்ரீ-கோட்’ என்று நாம் கொண்டாடும் படங்கள் எல்லாம் 1930க்கும் 1934 நடுப்பகுதிக்கும் இடையே, விதிகள் காகிதத்தில் இருந்துகொண்டே மீறப்பட்ட நான்கு வருடங்களில் வந்தவை. பொருளாதார மந்தத்தில் கூட்டம் குறைந்துகொண்டே போன நேரம் அது. அரங்கை நிரப்ப ஸ்டுடியோக்கள் குண்டர்களையும் துணிச்சலான பெண்களையும் திரைக்குக் கொண்டுவந்தன.

1934ல் கத்தோலிக்கத் திருச்சபை களத்தில் இறங்கியது. கண்ணியப் படை என்ற அமைப்பு லட்சக்கணக்கானவர்களிடம் உறுதிமொழி வாங்கியது. பிலடெல்பியாவின் கர்தினால் எந்தப் படத்துக்குமே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டார். வசூல் போகும் என்றதும் முதலாளிகள் பணிந்தார்கள். அந்த ஜூலை முதல், பிரீன் அலுவலகத்தின் அனுமதி முத்திரை இல்லாத படத்தை வெளியிட்டால் சங்க உறுப்பினருக்கு 25,000 டாலர் அபராதம். அபராதத்தைவிடப் பெரிய பிடி வேறு இடத்தில் இருந்தது. பெருநகரங்களின் முக்கியமான அரங்குகள் ஐந்து பெரிய ஸ்டுடியோக்களின் கையில் இருந்தன. முத்திரை இல்லையென்றால் அந்த வாசல்கள் திறக்காது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அந்த நான்கு வருடங்கள் கட்டற்ற சுதந்திரக் காலம் என்பதும் சரியில்லை. 1933ல் வந்த ‘பேபி ஃபேஸ்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கள்ளச்சாராயக் கடையில் ஆண்களிடம் சீரழிந்த ஒரு பெண்ணுக்கு, செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர் ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயைப் படித்துக்காட்டுகிறார். ஆண்கள் உன்னைப் பயன்படுத்த விடாதே, நீ அவர்களைப் பயன்படுத்து என்கிறார். நியூயார்க் வாரியம் படத்தை நிராகரித்தது. உடனே அந்தக் காட்சியில் பெரியவரின் பேச்சை மாற்றி, முன்னேற நல்ல வழியும் உண்டு, தப்பான வழியும் உண்டு என்று புத்தி சொல்ல வைத்தார்கள். அதே ஆள், அதே காட்சி; குரல் சொல்வது மட்டும் தலைகீழ். முடிவும் மாறியது. மாற்றத்துக்கு முந்தைய, ஏறத்தாழ ஐந்து நிமிடம் நீளமான பிரதி 2004ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சேமிப்பில் கிடைத்தது. எழுபது வருடம் எல்லாரும் பார்த்தது அந்தப் பெரியவர் நல்லவழி போதித்த பிரதியைத்தான்.

அதனால் எந்தப் பிரதியைப் பார்த்தோம் என்று தெரியாமல் எழுதக் கூடாது. 1934க்குப் பிறகு பழைய படங்களை மறுவெளியீடு செய்யவும் முத்திரை தேவைப்பட்டது. ‘கிங் காங்’ 1933ல் வந்தது. 1938ல் மறுபடி வந்தபோது, குரங்கு நாயகியின் உடையை உரித்து முகர்ந்து பார்க்கும் இடம் போயிருந்தது. அது பின்னாளில் மீட்கப்பட்டது. ‘லவ் மீ டுநைட்’ போன்ற படங்களில் வெட்டியவை இன்றுவரை திரும்பவில்லை.

விதியில் இல்லாத விதிகள்

முத்தம் மூன்று நொடிக்கு மேல் கூடாது. கணவன் மனைவியானாலும் தனித்தனிக் கட்டில். கட்டிலில் இருந்தால் ஒரு கால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். இவை மூன்றும் ‘ஹேஸ் விதி’ என்ற பெயரில் பரவிக்கிடக்கின்றன. விதிகளின் வாசகத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மிகையான, காமம் ததும்பும் முத்தமும் தழுவலும் கூடாது என்று இருக்கிறது. படுக்கையறையை நல்ல ரசனையோடும் நாசூக்கோடும் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. நொடிக் கணக்கு கிடையாது, கால் கணக்கும் கிடையாது. நீண்ட முத்தத்தை அலுவலகம் விரும்பவில்லை என்பது உண்மைதான். 1946ல் ‘நோட்டோரியஸ்’ படத்தில் ஹிட்ச்காக் அதற்குள் புகுந்து விளையாடினார். கேரி கிராண்டும் இங்க்ரிட் பெர்க்மனும் பால்கனியில் முத்தமிட்டு, விலகி, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோழி சமைப்பது பற்றிப் பேசி, மறுபடி முத்தமிட்டு, ஒட்டியபடியே தொலைபேசிக்கு நடந்து, அப்புறம் கதவு வரை போகிறார்கள். சுமார் இரண்டரை நிமிடம். ஒவ்வொரு முத்தமும் குட்டியானது. சேர்த்துப் பார்த்தால் அந்தக் காலத் திரை கண்ட மிக நெருக்கமான காட்சிகளில் ஒன்று.

‘கான் வித் த விண்ட்’ கடைசியில் கிளார்க் கேபிள் சொல்லும் ‘டேம்’ என்ற வசைச்சொல்லுக்காகத் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் 5,000 டாலர் அபராதம் கட்டினார் என்பது இன்னொரு கதை. கேட்க நன்றாக இருக்கும், உண்மை இல்லை. படம் வெளியாவதற்கு முந்தைய மாதமே, 1939 நவம்பரில், விதி திருத்தப்பட்டது. வரலாற்றுச் சூழலுக்கோ இலக்கிய மேற்கோளுக்கோ தேவையென்றால் அந்தச் சொல் வரலாம் என்றானது. செல்ஸ்னிக் விதியை மீறவில்லை, வாதாடி அனுமதி வாங்கினார்.

கட்டிலைத் தாண்டியும் விதி இருந்தது

பாலுறவைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு முடிப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பிழை. குற்றத்தின் பக்கம் பார்வையாளரின் அனுதாபம் சாயக் கூடாது என்பது விதிகளின் தலையாய கொள்கை. ‘ரெபெக்கா’ நாவலில் கணவன் தன் முதல் மனைவியைச் சுட்டுக் கொல்கிறான், தண்டனையில்லாமல் வாழ்கிறான். 1940ல் படமானபோது அவள் தடுக்கி விழுந்து, தலையில் அடிபட்டுச் செத்துப்போகிறாள். கொலைகாரனை மணந்து காப்பாற்றும் ஒரு பெண்ணின் கதை, இதனால் வேறு கதையாகிவிட்டது.

பிற நாடுகளையும் அவற்றின் தலைவர்களையும் நியாயமாகச் சித்திரிக்க வேண்டும் என்றும் ஒரு விதி. கேட்க நல்ல விதிதான். ஆனால் 1930களில் நாஜி ஜெர்மனியை விமர்சிக்கும் கதைகளை நிறுத்திவைக்கவும் அது பயன்பட்டது. 1939ல் வார்னர் பிரதர்ஸ் ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ நாஜி ஸ்பை’ எடுக்கும் வரை பெரிய ஸ்டுடியோக்கள் அந்தப் பெயரைச் சொல்லவே தயங்கின. சுரங்கத் தொழிலாளர் கதையான ‘பிளாக் ஃப்யூரி’ 1935ல் வந்தபோது, முதலாளிகள் மேல் பழி விழாதபடி திரைக்கதை திருத்தப்பட்டது.

நிறம் பற்றிய விதி எழுத்திலேயே இருந்தது: வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையே பாலுறவு காட்டக் கூடாது. 1956 திருத்தம் வரை அது நீடித்தது. அதற்கு வெளியே தென் மாநிலங்களின் அட்டூழியம் தனி. மெம்பிஸ் நகரத் தணிக்கை வாரியம், கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் இருப்பதாகக் காட்டியது என்று 1947ல் ‘கர்லி’ என்ற சிறுவர் படத்தைத் தடுத்தது. கட்டுப்பாடு இருந்ததால்தான் அந்தக் காலத்தில் கலை செழித்தது என்று பாராட்டுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஹிட்ச்காக்குக்கு வழி கண்டுபிடிக்க இடம் இருந்தது. கறுப்பினப் பாடகியும் நடிகையுமான லீனா ஹார்னுக்கு எங்கே இருந்தது? தெற்கத்தி அரங்குகளில் கதை துண்டுபடாமல் வெட்டி எறிய வசதியாக, அவர் பாட்டுகளைத் தனியாக ஒட்டுவைத்தே எடுத்தார்கள்.

அதே நேரத்தில் எல்லாப் பழியையும் விதியின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. ‘த குட் எர்த்’ படத்தில் சீன விவசாயியின் மனைவி வேடம் சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங்குக்குக் கிடைக்காததற்கு ஹேஸ் விதிதான் காரணம் என்று எழுதிவிடுகிறார்கள். விதி எழுத்தில் சொன்னது வெள்ளையர்–கறுப்பர் உறவை மட்டும். நாயகனாக வெள்ளையரான பால் முனியையும், மனைவியாக லூயிஸ் ரெய்னரையும் மேக்கப் போட்டு நிறுத்தியது ஸ்டுடியோவின் முடிவு. அதை விதிக்குப் பின்னால் ஒளித்துவைக்க நாம் உதவக் கூடாது.

1968ல் ஒரு நாள் விதிகள் ரத்தாயின என்று ஒரே வரியில் முடிப்பதும் உண்டு. படம் எந்த வயதினருக்கு ஏற்றது என்று குறிக்கும் தரக்குறியீட்டு முறை அந்த நவம்பரில் வந்தது உண்மை. ஆனால் பிடி தளர்ந்தது 1948லேயே. அந்த வருடம் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் ஸ்டுடியோக்கள் அரங்குகளைக் கைவிட வேண்டிவந்தது. அப்புறம் ஜோசப் பர்ஸ்டின் என்ற விநியோகஸ்தர். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தில் சிறுவன் சுவரோரம் சிறுநீர் கழிக்கப் போகும் இடத்தையும், திருடனைத் துரத்திக்கொண்டு விலைமாதர் விடுதிக்குள் நுழையும் இடத்தையும் பிரீன் வெட்டச் சொன்னார். பர்ஸ்டின் மறுத்து, முத்திரை இல்லாமலே படத்தை ஓட்டினார். இத்தாலிய இயக்குநர் ரோசெலினியின் ‘த மிரக்கிள்’ படத்துக்காக அவர் தொடுத்த வழக்கில்தான், 1952ல் உச்ச நீதிமன்றம் தன் 1915 தீர்ப்பைக் கைவிட்டு, சினிமாவுக்கும் பேச்சுரிமை உண்டு என்றது. அடுத்த வருடமே ஓட்டோ பிரெமிங்கர் ‘த மூன் இஸ் ப்ளூ’ படத்தை முத்திரை இல்லாமல் வெளியிட்டு லாபமும் பார்த்தார்.

ஒரு படத்தில் விதி என்ன செய்தது என்று தெரிய வேண்டுமானால், அந்தப் படத்துக்கான கடிதங்களைத் தேடுவதுதான் வழி. பிரீன் அலுவலகக் கோப்புகள் கலிஃபோர்னியாவில் மார்கரெட் ஹெரிக் நூலகத்தில் இருக்கின்றன. பல கடிதங்கள் ஆய்வு நூல்களில் அச்சாகியிருக்கின்றன. ‘காசாபிளாங்கா’ முடிவில் நாயகி இல்சா கணவனோடு விமானம் ஏறுவதை விதியின் வேலை என்பார்கள். படத்துக்கு மூலமான நாடகத்திலேயே நாயகன் ரிக் அவளை அனுப்பிவிடுகிறான். விதி வேலை செய்த இடம் வேறு. ரிக்கின் அறைக்கு இல்சா ராத்திரியில் வருகிறாள், அழுகிறாள், முத்தமிடுகிறார்கள். திரைக்கதையில் அங்கே ஃபேட் அவுட் இருந்தது. 1942ல் அலுவலகம் எழுதிய கடிதம், அதை டிஸ்ஸால்வ் ஆக மாற்றுங்கள், அடுத்த காட்சியில் கட்டிலோ சோபாவோ கண்ணில் படக் கூடாது என்கிறது. திரை இருண்டால் நெடுநேரம் கழிந்தது என்று பொருள். கரைந்து மாறினால் கொஞ்ச நேரம்தான். சொன்னபடியே செய்தார்கள். முத்தம் கரைகிறது, விமான நிலையக் கோபுரத்தின் சுழலும் விளக்கு சில நொடிகள் தெரிகிறது, அதுவும் கரைந்தால் ரிக் ஜன்னலோரம் சிகரெட்டோடு நின்று வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறான். திரும்பி, “அப்புறம்?” என்று கேட்கிறான்.