தணலும் புகையும்: வீட்டு பார்பிக்யூவில் சறுக்கும் இடங்கள்

வெளியே கருகல், எலும்பை ஒட்டி ரத்தச் சிவப்பு. முதன்முதலாகக் கரி மூட்டிக் கோழி சுடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது இதுதான். உடனே மசாலாவில் குற்றம் தேடுவார்கள். தயிர் போதவில்லை, எலுமிச்சை தூக்கலாகிவிட்டது, இன்னும் ஊறியிருக்க வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மசாலா மாறும், கருகல் மாறாது. காஸ் அடுப்பில் பழகிய கைக்கு, திருகினால் தீ கூடும், திருகினால் குறையும். கரிக்கு இருக்கும் ஒரே திருகு காற்று. அதைக் கவனியாமல் விடுவதால் வருபவையே இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை. மற்றவை அவசரத்தால் வருபவை.

கரியும் பற்றவைப்பதும்

கரிக்காக வெளிநாட்டு மூட்டையைத் தேடி அலைய வேண்டியதில்லை. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கங்களில் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக் கருவேலங்கரி நல்ல கரி. டெக்சாஸ்காரர்கள் பெயர் சொல்லிக் காசு கொடுத்து வாங்கும் மெஸ்கீட் மரமும் நம் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கும் சீமைக் கருவேலமும் நெருங்கிய உறவு. பார்க்க வேண்டியது இரண்டுதான். கரி காய்ந்திருக்க வேண்டும். ஈரம் குடித்த கரி வெடித்துப் பொறி தெறிக்கும். மூட்டையின் அடியில் கிடக்கும் தூளைக் கொட்டக் கூடாது. அது இடுக்குகளை அடைத்துக் காற்றை மறித்துவிடும். கைப்பிடி அளவுத் துண்டுகளாகப் பொறுக்கிப் போடுங்கள். சிரட்டைக் கரி சூடு அதிகம் தரும். அச்சில் அழுத்திய பிரிக்கெட் கரி நிதானமாக, ஒரே சீராக எரியும். நீண்ட நேரப் புகை வேலைக்கு அதுவே தோது.

பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றுவது நம் வீடுகளில் பரவலான பழக்கம். கரி முழுதாகப் பிடிக்கும் முன் கறியை வைத்தால் அந்த வாடை கறியில் ஏறிவிடும், எந்த மசாலாவுக்கும் போகாது. பெட்ரோல் பேச்சே வேண்டாம். அதன் ஆவி தீக்குச்சி கிழித்த கணத்தில் முகத்துக்கே பாயும். எரிகிற கரிமேல் எந்த எண்ணெயையும் ஊற்றக் கூடாது. இதற்கென்றே சிம்னி என்ற இரும்புக் குழாய் விற்கிறது. அடியில் இரண்டு தாள் செய்தித்தாளைக் கசக்கிவைத்து, மேலே கரியை நிரப்பிப் பற்றவைத்தால் 15 முதல் 20 நிமிடத்தில் கரி பிடித்துவிடும். சூடான காற்று மேலேறும்போது கீழிருந்து புதுக் காற்றை இழுக்கிறது. விசிற வேண்டிய அவசியமே இல்லை. பழைய தகர டப்பாவின் அடியில் துளை போட்டும் செய்துகொள்ளலாம். நாகப் பூச்சுள்ள தகரம் மட்டும் வேண்டாம், சூட்டில் நச்சுப் புகை விடும்.

தீ கொழுந்துவிடும்போதே கறியை வைத்துவிடுவதுதான் இந்தக் கட்டத்தின் பெரிய தவறு. பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அது சமைக்கிற நெருப்பு இல்லை. கொழுந்து அடங்கி, கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் படர்ந்து நீறு பூக்க வேண்டும். உள்ளங்கையைக் கம்பி வலைக்குச் சற்று மேலே நீட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று வினாடிக்குள் கையை இழுத்துக்கொண்டால் கடும் சூடு. ஐந்தாறு வினாடி தாங்கினால் நடுத்தரச் சூடு, கோழிக்கு ஏற்றது. பத்து வினாடி தாங்கினால் இன்னும் கொஞ்சம் கரி வேண்டும்.

எல்லாப் பக்கமும் நெருப்பு வேண்டாம்

அடுப்பு முழுக்கக் கரியைப் பரப்பிவிடுகிறார்கள். கறியின் கொழுப்பு சொட்டும், தீ எழும்பும், ஒதுக்கிவைக்க இடம் இருக்காது. தண்ணீர் தெளித்து அணைக்கப் பார்ப்பார்கள். சாம்பல் பறந்து கறியில் அப்பும். கரியை ஒரு பக்கமாகக் குவித்து மறுபக்கத்தைக் காலியாக விட்டால் இந்தத் தொல்லையே இல்லை. தீ எழும்பினால் கறியை இடுக்கியால் காலிப் பக்கத்துக்கு நகர்த்தி மூடியைப் போடுங்கள். காற்று குறைந்ததும் தானே அடங்கும்.

மூடி ஏதோ அலங்காரம் என்று நினைத்துச் சுவரில் சாய்த்து வைப்பவர்களும் உண்டு. சிகாகோவின் வெபர் பிரதர்ஸ் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் 1952-இல் மிதவைக்கான உருண்டைக் கூட்டை இரண்டாக வெட்டி, பாதியை அடுப்பாகவும் பாதியை மூடியாகவும் ஆக்கினார். இன்று உலகமெங்கும் விற்கும் குண்டு அடுப்பு அப்படிப் பிறந்ததுதான். மூடியதும் அனல் உள்ளேயே சுற்றிச் சுழன்று எல்லாப் பக்கமும் வேகவைக்கிறது.

கோழித் தொடையைக் காலிப் பக்கத்தில் வைத்து, மூடி, முக்கால் பதம் வேகவிடுங்கள். பிறகு தணலுக்கு நேர் மேலே கொண்டுவந்து தோலை முறுகவிடலாம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தோல் என்றதும் இன்னொன்று: கறிக்கடையில் கோழியை உரித்தே தருவது வழக்கம், தோலோடு வேண்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். சதை வறண்டுபோகாமல் காப்பது அந்தத் தோலும் அதன் அடியில் உள்ள கொழுப்பும்தான்.

உப்பை முந்தின இரவே தடவிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். கிலோவுக்கு 12 முதல் 15 கிராம் போதும். மசாலாவைக் கெட்டியாக அப்பினால் அது சொட்டிச் சொட்டிக் கரியில் விழுந்து கருகும், கறியின் மேற்பரப்போ ஈரமாகவே கிடந்து சிவக்காது. சர்க்கரை, தேன், தக்காளி சாஸ் எல்லாம் கடைசி ஐந்து பத்து நிமிடத்துக்கு உரியவை.

வெந்துவிட்டதா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முழுதாக வெந்த கோழியிலும் எலும்போரம் சிவந்திருக்கும். வேகாததிலும் சாறு தெளிவாக வரும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஊசி தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, எலும்பில் படாமல் தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள். கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ், கொத்துக்கறிக்கு 71, மாட்டுக்கறி, ஆட்டுக்கறி, பன்றிக்கறியின் முழுத் துண்டுகளுக்கு 63 தொட்டதும் இறக்கி மூன்று நிமிடம் ஆறவிடுவது. அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு இது. விலையுயர்ந்த அடுப்பு வாங்கும் காசில் சிறு பங்கை இதற்கு ஒதுக்குங்கள் என்பதே என் கட்சி.

புகை வேறு வித்தை

சுடுவது நிமிடக் கணக்கு. புகையில் வேகவைப்பது மணிக் கணக்கு. அடுப்புக்குள் 107 முதல் 121 டிகிரி வரை நிறுத்தி, நாள் முழுக்கக் காத்திருக்கும் வேலை. டெக்சாஸில் பிரிஸ்கெட் என்னும் மாட்டின் நெஞ்சுக் கறியை ஓக் விறகில் இப்படித்தான் செய்கிறார்கள். ஓயாமல் உழைத்த தசை அது. அதன் சவ்வும் நாரும் மெல்ல உருகிக் கூழாவதற்கு அத்தனை நேரம் தேவை. இதில் சறுக்க முதல் காரணம் தவறான துண்டைத் தேர்ந்தெடுப்பது. கொழுப்பில்லாத வெள்ளாட்டுத் தொடையையோ தோலில்லாத கோழி மார்பையோ ஆறு மணி நேரம் புகையில் விட்டால் சக்கைதான் மிஞ்சும். அதற்காக முதல் முயற்சிக்கே முழு பிரிஸ்கெட் வேண்டாம். ஐந்து கிலோத் துண்டுக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். பன்றியின் தோள்பட்டைக் கறியில் ஒன்றரைக் கிலோ வாங்குங்கள். கொழுப்பு ஊடுருவிய கறி என்பதால் கொஞ்சம் முன்பின் ஆனாலும் கெடாது.

குண்டு அடுப்பிலேயே இதைச் செய்யலாம். பிரிக்கெட் கரியைச் சுவரோரமாக முக்கால் வட்டத்துக்கு இரண்டு வரிசையாக, ஒன்றை ஒன்று தொடும்படி அடுக்குங்கள். அதன்மேல் இடைவெளி விட்டு மூன்று நான்கு சிறு மரக்கட்டைகள். ஒரு முனையில் மட்டும் ஏழெட்டுக் கங்குகளை வைத்தால் நெருப்பு மறுமுனை வரை மெல்ல ஊர்ந்துபோகும். நடுவில் ஒரு தட்டுத் தண்ணீர் வைத்தால் சூடு எகிறாது. மா, கொய்யா போன்ற பழமரங்களின் நன்றாகக் காய்ந்த கட்டை போதும். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட், பார்சல் பெட்டிச் சட்டம் எதுவும் கூடாது. அரளிக் குச்சி அறவே கூடாது. அதன் ஒவ்வொரு பாகமும் நஞ்சு.

மரத்துண்டைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஓரிரவு ஊறினாலும் தண்ணீர் மரத்தின் மேல்தோலைத் தாண்டி அதிகம் இறங்குவதில்லை. அடுப்பில் போட்டதும் முதலில் வருவது வெறும் நீராவி. அது வற்றிய பிறகே புகை.

புகையைப் பற்றிய தவறான எண்ணமே பலர் கறியைக் கெடுக்கிறது. குபுகுபுவென வெள்ளைப் புகை எழுந்தால் வாசனை ஏறுகிறது என்று மகிழ்கிறார்கள். அது மரம் மூச்சுமுட்டி அரைகுறையாக எரியும் புகை. கறியில் தார்போலப் படிந்து, நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் கசக்கும். நல்ல புகை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. வெயிலுக்கு எதிரே பார்த்தால் மெல்லிய நீலமாக இழையும். மூடியில் உள்ள மேல்துளையை அடைத்துப் புகையை உள்ளேயே பிடித்துவைக்க நினைப்பதுதான் வெள்ளைப் புகைக்குப் பெரும்பாலும் காரணம். மேல்துளை முழுக்கத் திறந்தே இருக்கட்டும், சூட்டை அடுப்பின் அடியில் உள்ள கீழ்த்துளையால் கூட்டிக் குறையுங்கள். ஒரு விரல்கடை நகர்த்திவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். ஐந்து நிமிடத்துக்கொரு முறை திருகினால் சூடு மேலும் கீழுமாக ஆடும். ஏறிய சூட்டை இறக்குவது கடினம், ஆகவே 100 டிகிரியை நெருங்கும்போதே துளையைக் குறைக்கத் தொடங்குங்கள். மூடியிலேயே பொருத்தியிருக்கும் தெர்மாமீட்டர் மேலே உள்ள காற்றின் சூட்டைக் காட்டும். கறி கிடக்கும் இடத்தின் சூடு வேறு.

பிறகு வருவது பொறுமைக்குச் சோதனை. கறியின் உட்சூடு கிடுகிடுவென 65, 70 வரை ஏறும், அப்புறம் நின்றுவிடும். ஒரு மணி, இரண்டு மணி, சில வேளை நாலு மணி நேரம் அசையாது. கரி அணைந்துவிட்டதென்று பதறி மேலும் கொட்டுவார்கள். நெருப்பில் கோளாறில்லை. வியர்த்த உடம்பு காற்றில் குளிர்வதுபோல, கறியின் ஈரம் ஆவியாகி அதைக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது. ஈரம் குறைந்ததும் சூடு மறுபடி ஏறும். நேரமில்லையென்றால் அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி வையுங்கள், விரைவாகத் தாண்டிவிடும். மேலே படிந்த மொறுமொறுப்பு கொஞ்சம் நமத்துப்போகும், அவ்வளவுதான்.

இங்கே 63 டிகிரிக் கணக்கு உதவாது. நஞ்சில்லாமல் வெந்திருக்கும், ஆனால் மெல்ல முடியாது. 93 முதல் 96 வரை போக வேண்டும். ஊசியைக் குத்தினால் தடையின்றி இறங்க வேண்டும். இறக்கியதும் வெட்டினால் சாறெல்லாம் பலகையில் ஓடும். சுற்றிவைத்து அரை மணி நேரமாவது விட்டு, இழை ஓடும் திசைக்குக் குறுக்கே அறுக்க வேண்டும். விருந்தினர் ஒரு மணிக்கு வருவதென்றால் பதினொரு மணிக்கே கறி தயாராகும்படி கணக்கிடுங்கள். முந்திவிட்டால் போர்வையில் சுற்றி வைக்கலாம். பிந்திவிட்டால் பசித்த முகங்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

அலட்சியம் கூடாத இடம்

கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கொடைக்கானல், ஊட்டி போன்ற குளிர் ஊர்களில் அறைக்குள் கரியடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் விடிவதற்குள் இறந்துபோன செய்திகளைப் படித்திருப்பீர்கள். ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்ற சமாதானம் வேண்டாம். மழை வந்தாலும் அடுப்பு வெளியேதான் இருக்க வேண்டும். கார் நிறுத்துமிடமும் கண்ணாடி அடைத்த பால்கனியும் வெளி ஆகாது.

பச்சைக்கறி வைத்த தட்டிலேயே வெந்த கறியை எடுத்துவைப்பது, ஊறிய மசாலாவை அப்படியே கடைசியில் பூசுவது ஆகியவை வயிற்றுக்குக் கேடு. சென்னையின் மே மாத வெயிலில் கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றாமல் மேல்துளை, கீழ்த்துளை இரண்டையும் மூடிவிடுங்கள். கரி தானே அணையும்; மிச்சத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும் என்பதால் பிளாஸ்டிக் வாளியில் கொட்டாதீர்கள், இரும்புச் சட்டி வேண்டும். அடுத்த முறை மூட்டும் முன் அடியில் தங்கிய சாம்பலை முழுக்கத் தட்டிவிடுங்கள். கீழ்த்துளையை அது அடைத்திருந்தால் எவ்வளவு நல்ல கரியும் பிடிக்காது.