ரோபோவிலிருந்து புரோகிராமை எடுப்பது எப்படி, ஏற்றுவது எப்படி?

சேலத்தில் இரும்பாலை ரோட்டுப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. லேப்டாப்பில் இருந்த பழைய புரோகிராம் ஒன்றை ரோபோவுக்கு ஏற்றிவிட்டேன். அதே பெயரில் ரோபோவில் இருந்த புரோகிராமை ஆபரேட்டர் அண்ணன் இரண்டு வாரமாகப் பாயிண்ட் பாயிண்டாக, அதாவது ரோபோ போய் நிற்க வேண்டிய ஒவ்வொரு இடமாக, சரிசெய்து வைத்திருந்தார். மறுநாள் காலையில், "தம்பி, நான் சரி பண்ணுன பாயிண்டெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டார். பழையது புதியதை அழித்துவிட்டது, நகலும் இல்லை. அதனால்தான் கருப்பூர் கல்லூரியிலிருந்தும் பாலிடெக்னிக்கிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு முதலில் எடுக்கத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஏற்றுவதெல்லாம் அப்புறம்.

இங்கே சொல்வது ஃபனக் கம்பெனியின் ஆர்-30ஐபி (R-30iB) கன்ட்ரோலரும், அதாவது ரோபோவை இயக்கும் பெட்டியும், விண்டோஸ் லேப்டாப்பும் வைத்திருப்பவர்களுக்கு. மற்ற கம்பெனி ரோபோக்களில் மெனுவும் மென்பொருளும் வேறு. கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: கேபிள்

சாதாரண ஈதர்நெட் கேபிள் போதும். பல புது லேப்டாப்களில் அந்தத் துளை இருக்காது, அப்படியென்றால் யூஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரின் போர்ட் பெட்டிக்கு உள்ளே இருந்தால் மெயின் பிரேக்கரை அணைத்த பிறகே கதவைத் திறக்க வேண்டும். உள்ளே மூன்று பேஸ் மின்சாரம் வருகிறது. எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள்.

படி 2: ரோபோவுக்கு ஒரு எண்

டீச் பெண்டன்டில் (ரோபோவைக் கையில் பிடித்து இயக்கும் திரைக் கருவி) மெனு, செட்டப், ஹோஸ்ட் காம் என்று போய் டிசிபி/ஐபி வரியில் டீடெயில் அழுத்துங்கள். ஏற்கனவே ஒரு ஐபி எண் இருந்தால் அதை மாற்ற வேண்டாம், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிஎல்சி, அதாவது லைனில் உள்ள மெஷின்களைக் கட்டுப்படுத்தும் கருவி, ரோபோவோடு அந்த எண்ணில்தான் பேசிக்கொண்டிருக்கலாம். காலியாக இருந்தால் 192.168.1.10 என்றும், சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றும் கொடுத்து, கன்ட்ரோலரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். போர்ட் 1, போர்ட் 2 என்று இரண்டு வரும். நீங்கள் கேபிள் செருகிய போர்ட்டுக்குத்தான் எண் கொடுத்தீர்களா என்று பாருங்கள். புதியவர்கள் அரை நாள் தொலைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

படி 3: லேப்டாப்புக்கு ஒரு எண்

முதல் மூன்று எண்களைத் தெருப் பெயர் என்றும் கடைசி எண்ணை வீட்டு எண் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தெரு ஒன்றாக இருக்க வேண்டும், வீடு வேறாக இருக்க வேண்டும். ரோபோ 10 என்றால் லேப்டாப்புக்கு 192.168.1.20, மாஸ்க் அதேதான். விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பகுதியில் மேனுவல் என்று மாற்றி இதைப் போடுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள். பிறகு கமாண்ட் விண்டோவைத் திறந்து 'பிங் 192.168.1.10' என்று தட்டுங்கள். பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. வராவிட்டால் முதலில் கேபிள், அடுத்து போர்ட், அதற்கப்புறம் எண்.

படி 4: எடுப்பது

டி டிரைவில் இன்றைய தேதியைப் பெயராக வைத்து ஒரு ஃபோல்டர் போடுங்கள். கமாண்ட் விண்டோவில் முதலில் 'டி:' என்று தட்டி டிரைவை மாற்றி, பிறகு சிடி கட்டளையால் அதற்குள் போய், 'எஃப்டிபி 192.168.1.10' என்று தட்டுங்கள். எஃப்டிபி என்பது ஃபைல்களை அனுப்பவும் வாங்கவும் உதவும் கட்டளை. பெயர் கேட்டால் அனானிமஸ், பாஸ்வேர்டுக்கு வெறும் என்டர்.

அடுத்து 'பின்' (bin) என்ற கட்டளை, பைனரி என்பதன் சுருக்கம். இதை விட்டுவிடவே கூடாது. ரோபோ புரோகிராம் பைனரி ஃபைல், வெறும் எழுத்து ஃபைல் அல்ல. விண்டோஸின் எஃப்டிபி ஆரம்பத்தில் எல்லாவற்றையும் வெறும் எழுத்தாக நினைத்து வரி முடிவுகளை மாற்றும். ஃபைல் வந்தது போலத் தெரியும், ஆனால் உள்ளே கெட்டுப்போயிருக்கும். அதைத் திரும்ப ஏற்றும் நாளில்தான் விஷயம் தெரியவரும்.

சரி, பின் கொடுத்தாகிவிட்டது. ரோபோவின் நினைவகத்துக்குள் போக 'சிடி எம்டி:' (cd md:) என்று தட்டி, 'கெட்' என்று எழுதி, இடம் விட்டு, புரோகிராம் பெயரை டிபி (.tp) என்ற பின்னொட்டோடு தட்டுங்கள். ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுங்கள். முடிந்ததும் 'பை' (bye). ஃபோல்டரைத் திறந்து ஃபைல் இருக்கிறதா, அளவு பூஜ்ஜியமா என்று கண்ணால் பாருங்கள். இது ஒரு புரோகிராம்தான். முழு பேக்கப் வேண்டுமானால் பெண்டன்டின் ஃபைல் மெனுவில் பேக்கப் எடுத்து பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஏற்றுவது

மேலே சொன்னபடி ஏற்கனவே இருப்பதை எடுத்த பிறகு மட்டும். அந்த புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. ஃபங்ஷன் மெனுவில் அபார்ட் ஆல் கொடுத்து, பெண்டன்டில் வேறு புரோகிராமைத் தேர்ந்தெடுத்துவிட்டு, படி 4 போலவே எஃப்டிபிக்குள் போய் 'பின்', 'சிடி எம்டி:', அப்புறம் கெட்டுக்குப் பதில் 'புட்'. எஸ்வி (.sv) என்று முடியும் ஃபைல்கள் ரோபோவின் சிஸ்டம் அமைப்புகள், அவற்றைப் பழகும் வரை தொடாதீர்கள்.

சேர்வராயன் மலைப் பக்கம் இடி இடித்து, மின்சாரம் போய்ப் போய் வரும் கோடைச் சாயங்காலங்களில் எதையும் ஏற்றாதீர்கள். லேப்டாப் பேட்டரியில் தாங்கும், கன்ட்ரோலர் பாதியில் அணைந்துவிடும்.

ஏற்றியதை நேராக ஆட்டோ மோடில் ஓட்டக் கூடாது. டி1 என்ற சோதனை மோடில், நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் போகாத வேகத்தில், ஸ்டெப் போட்டு ஒவ்வொரு பாயிண்டாக நகர்த்திப் பாருங்கள். வேறு ரோபோவிலிருந்து வந்த புரோகிராம் என்றால் டூல் ஃபிரேமும் (டார்ச் முனையின் அளவு) யூசர் ஃபிரேமும் (வேலைப் பொருள் இருக்கும் இடத்தின் அளவு) இரண்டு ரோபோவிலும் ஒன்றா என்று பார்த்த பிறகே இதையும் செய்யுங்கள். அந்த முதல் ஓட்டத்தின்போது, பாயிண்ட் போட்ட ஆபரேட்டரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.