மீசோசைக்ளாப்ஸா, தெர்மோசைக்ளாப்ஸா: பெயர் வைக்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளத்து நீரை வலையில் வடித்துக் குப்பியில் போட்ட மறுநாளே, அதிலுள்ள சைக்ளாப்ஸ் (நன்னீரில் வாழும் நுண்ணிய ஓட்டுடலி) அத்தனைக்கும் ஒரே பெயரை எழுதிவிடுகிறார்கள் புதியவர்கள். மீசோசைக்ளாப்ஸ், தெர்மோசைக்ளாப்ஸ் என்பவை அவற்றில் இரு பேரினங்கள். சுமார் 1 மில்லிமீட்டர் உயிரை அளவையும் நிறத்தையும் பார்த்துப் பிரிக்க முடியாது. காலைத்தான் பார்க்க வேண்டும்.

இளசை முதிர்ந்ததென எடுப்பது

நீந்துகால் நான்கு ஜோடிக்கும் கிளைகள் மும்மூன்று கணுவாக இருக்கின்றனவா என்று முதலில் எண்ணுங்கள். இரண்டிரண்டு கணு என்றால் அது இன்னும் வளரவில்லை. இந்த இரு பேரினங்களிலும் முதிர்ந்த பெண்ணின் முதல் உணர்கொம்பில் 17 கணுக்கள் இருக்கும்.

ஆண்

ஒதுக்கிவிடுங்கள். இனம் பிரிக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் பெண்ணை வைத்தே எழுதப்பட்டவை. முதல் உணர்கொம்பு இரண்டும் மடங்கிப் பிடிக்கும் வடிவில் இருந்தால் அது ஆண்.

ஐந்தாம் காலைச் சாய்வாகப் பார்ப்பது

அதிகம் கெடுப்பது இதுதான். ஐந்தாம் கால் இரண்டே கணு கொண்ட சிறு உறுப்பு. இனப்பெருக்கக் கண்டத்துக்கு முன்னால் வயிற்றுப் பக்கம் ஒட்டியிருக்கும். மீசோசைக்ளாப்ஸில் அதன் கடைசிக் கணுவின் உள்விளிம்பு நடுவில் ஒரு முள் கிளம்பும், நுனியில் ஒரு சீட்டா (மெல்லிய தூவி) நிற்கும். தெர்மோசைக்ளாப்ஸில் முள், சீட்டா இரண்டுமே நுனியில்தான். கால் சற்றுச் சாய்ந்து கிடந்தால் நடுவிலுள்ள முள்ளும் நுனியில் இருப்பதுபோலத் தெரியும், பேரினமே மாறிப்போகும். கொசுப்புழுவைத் தின்னவென்று தொட்டியில் வளர்ப்பவர்களுக்கு இது நேரடி நஷ்டம். அந்த வேலைக்குப் பேர்போனது உடல் பெருத்த மீசோசைக்ளாப்ஸ்தான்.

70 சதவீத எத்தனால் 9 பங்கு, கிளிசரின் 1 பங்கு கலந்து, உயிரை அதில் போட்டு, தூசி விழாமல் மூடி, ஒன்றிரண்டு நாள் ஆல்கஹால் ஆவியாகட்டும். நேராகக் கிளிசரினில் போட்டால் உடல் சுருங்கிவிடும். பிறகு வயிற்றுப் பக்கம் மேலாகக் கிடத்தி, உடைந்த கவர் கிளாஸ் துண்டுகளை முட்டுக் கொடுத்து மூடுங்கள். 400 மடங்கில் பார்த்தபடியே கவர் கிளாஸை ஊசியால் மெல்லத் தள்ளினால் உடல் உருளும். முள்ளின் அடி எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை இரண்டு கோணத்திலாவது பார்த்த பிறகே எழுதுங்கள். முட்டில்லாமல் அழுத்தினால் கால் மடிந்து போகும். அந்த ஸ்லைடு வீண்.

எதற்கெடுத்தாலும் 'லியூக்கார்ட்டி'

1857-இல் ஜெர்மன் விலங்கியலாளர் கிளவுஸ் விவரித்த மீசோசைக்ளாப்ஸ் லியூக்கார்ட்டி உலகமெங்கும் இருப்பதாக நெடுங்காலம் நம்பினார்கள். 1981-இல் விலங்கியலாளர் கீஃபர் பேரினத்தையே திருத்தி எழுதி, அந்தப் பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பதைக் காட்டினார். அசல் லியூக்கார்ட்டி ஐரோப்பாவும் அதையொட்டிய வட ஆசியாவும் சார்ந்தது. நம் குளத்து உயிருக்கு ஐரோப்பிய அட்டவணையைப் பிடித்தால் இன்றும் அந்தப் பெயரில்தான் போய் முடியும். மீசோசைக்ளாப்ஸ் இனங்களான அஸ்பெரிகார்னிஸ், தெர்மோசைக்ளாப்பாய்டிஸ் இரண்டையும் முதலில் சோதியுங்கள். முன்னதற்கு வால்கிளையின் உள்பக்கம் மெல்லிய மயிர் உண்டு, பின்னதற்கு இல்லை. வால்கிளைகள் ஒட்டிக் கிடந்தால் மயிர் மறைந்துவிடும். ஊசியால் பிரித்து, நுண்ணோக்கியின் கண்டென்சர் துவாரத்தைக் குறுக்கிப் பாருங்கள். மயிரை மட்டும் நம்பி முடிக்க வேண்டாம். பெண்ணின் விந்தேற்புப் பையின் வடிவத்தையும் அறுக்கும் முன்பே வரைந்து வையுங்கள்.

லேபிள்

பென்சிலால் எழுதி, குப்பிக்கு உள்ளே போடுங்கள். அறுக்காத பெண்கள் குறைந்தது ஐந்து அதே குப்பியில் இருக்கட்டும். பெயரில் சந்தேகம் வந்தால் திரும்பப் பார்க்க அவைதான் மிஞ்சும்.