ஈரக் கையோடு கழற்ற வரும் ஹோஸ் கப்ளிங்: லேத்தில் செய்யும் முறை

செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, கிணற்றடி என்று ஒரே ஹோஸை இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு குழாயிலும் மாட்டிக் கழற்ற வேண்டும். ஹோஸைக் குழாயோடு இணைக்கும் பூட்டுத் துண்டுதான் கப்ளிங். காரைக்குடியில் என் லேத் பட்டறைக்கு அதைக் கேட்டு வருகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். "மாட்டிப்புடுறேன் தம்பி, கழத்தத்தான் முடியல" என்று ஆச்சிமார் சொல்வார்கள். அதனால் நான் கழற்றுவதை வைத்துத்தான் அளவு போடத் தொடங்குவேன். ஈரக் கை, வலுவில்லாத விரல், அதுவும் ஒரே கை. இதற்கு ஒத்துவந்தால் மற்றதெல்லாம் வந்துவிடும்.

முதலில் எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள். உள்ளே நுழையும் ஆண் துண்டு குழாயில், அதை வாங்கிக்கொள்ளும் பெண் துண்டு ஹோஸில். பெண் துண்டின் மேல் ஓடும் வளையத்தை ஹோஸ் பக்கமாக இழுத்தால் பூட்டு விடும். அதே இழுப்பில் கப்ளிங்கும் கையோடு வந்துவிடும். குழாய் சுவரில் நிற்பதால் இன்னொரு கை தேவையில்லை. மாற்றிப் போட்டால் வளையத்தை ஒரு பக்கமும் ஹோஸை எதிர்ப்பக்கமும் இழுக்க வேண்டி வரும். ஜெர்மனியின் கார்டெனா 1968-ல் கொண்டுவந்த தோட்டக் கப்ளிங்கிலும் ஆண் துண்டு குழாயில்தான். இன்னொரு லாபம், ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு ஆண் துண்டு போதும். செலவு பிடிக்கிற பெண் துண்டு வீட்டுக்கு ஒன்றுதான்.

இனி அளவுகள். அரை அங்குல ஹோஸுக்குச் சொல்கிறேன். ஆண் துண்டை இரண்டு படியாகக் கடையுங்கள்: மூக்கு 15 மி.மீ., அதற்குப் பின்னால் உடம்பு 19 மி.மீ., நடுவில் 9 மி.மீ. துளை. ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் ரிங்கான ஓ-ரிங் மூக்கில், பூட்டாக நிற்கும் சின்ன எஃகு உருண்டைகளான குண்டுகள் உட்காரும் பள்ளம் உடம்பில். ஒரே விட்டமாக விட்டால் வேலை சுலபம்தான், ஆனால் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் ஓ-ரிங் குண்டுத் துளைகளின் விளிம்பைத் தாண்டிப் போகும், சீக்கிரமே கிழிந்துவிடும். படி வைத்தால் அது அந்தத் துளைகளைத் தொடவே தொடாது. தண்ணீர் தள்ளும் பரப்பும் குறைகிறது. 15 மி.மீ. வட்டத்தின் பரப்பு 1.77 சதுர செ.மீ. ஏழு மீட்டர் உயரத் தொட்டித் தண்ணீர் சதுர செ.மீ.க்கு 0.7 கிலோ அழுத்தம். கப்ளிங்கைத் தள்ளும் விசை 1.2 கிலோதான். மோட்டாரிலிருந்து நேராக 3 கிலோ அழுத்தம் வந்தால் 5.3 கிலோ. குழாயை மூடிய பிறகும், ஹோஸ் முனையில் நாஸில் மூடியிருந்தால் இந்த அழுத்தம் உள்ளேயே நிற்கும். கழற்ற முடியவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, நாஸிலைத் திறந்துவிட்டீர்களா என்பதைத்தான்.

ஓ-ரிங் 1.78 மி.மீ. தடிமன். பள்ளத்தின் அடி விட்டம் 12 மி.மீ., அகலம் 2.4 மி.மீ. அப்போது ரிங் சுமார் 15 சதவீதம் அமுங்கும். ஒழுகக் கூடாது என்று 25 சதவீதம் அமுக்குகிறவர்கள் உண்டு; தண்ணீர் நிற்கும், கையும் நிற்கும். ரப்பர் ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வகையாக இருக்கட்டும். இன்னொரு வகையான நைட்ரைல் நம் வெயிலில் வெடித்துவிடும். ஆனால் ஈ.பி.டி.எம்.முக்கு வண்டி கிரீஸ் ஆகாது, உப்பிவிடும். சிலிகான் கிரீஸ் துளி தடவுங்கள். பெண் துண்டின் உள்ளே மூக்கு நுழையும் வாயை 15 முதல் 20 டிகிரிக்குச் சரித்து, மெல்லிய எமரியால் வழவழப்பாக்குங்கள். ரிங் உள்ளே போகும் ஆழம் 5 மி.மீ. போதும், இழுத்த உடனே சீல் விட்டு மிச்ச அழுத்தம் இறங்கிவிடும்.

பூட்டுக்கு ஆறு குண்டுகள், 5/32 அங்குலம், கிட்டத்தட்ட 4 மி.மீ. சைக்கிள் கடையில் கிடைக்கும் சாதாரண எஃகுக் குண்டு துருப்பிடிக்கும், எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கேட்டு வாங்குங்கள். குண்டுப் பள்ளம் 1.2 மி.மீ. ஆழம், இரண்டு ஓரமும் 45 டிகிரி. ஓரத்தைச் செங்குத்தாக வெட்டினால் வளையத்தை இழுத்த பிறகும் குண்டு வெளியே ஏறாது. பெண் துண்டின் சுவர் 2.8 மி.மீ.; குண்டுத் துளையை 4.1 மி.மீ.க்குப் போட்டு, உட்பக்கம் மட்டும் மெல்லிய உதடு விட்டு நிறுத்துங்கள், இல்லையென்றால் குண்டு உள்ளே விழுந்துவிடும். வளையம்தான் குண்டைப் பள்ளத்தில் அமுக்கிப் பிடிக்கிறது; அதை இழுத்ததும் குண்டு ஏறி ஒதுங்க வளையத்தின் உள்ளே 1.3 மி.மீ. ஆழக் குடைவு வேண்டும்.

இங்கே ஒரு இடத்தைக் கவனமாகப் பாருங்கள். பழுதென்று என்னிடம் வந்த ஒரு பித்தளைக் கப்ளிங்கின் வளையத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். உள்சுவரில் ஆறு சின்னக் குழிகள், ஊசி முனையால் வருடினால் தட்டுப்படும் அளவு. 45 டிகிரி ஓரத்தில் உட்கார்ந்த குண்டு, இழுக்கும் விசையின் அளவுக்கே வளையத்தையும் வெளிப்பக்கம் தள்ளும். எஃகுக் குண்டு பித்தளையில் நாளாவட்டத்தில் குழி போட்டுவிடும். அப்புறம் வளையம் அந்தக் குழியிலிருந்து ஏறி வர மறுக்கும். ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. வளையத்தின் உள்ளே எஸ்.எஸ். புஷ் (உள் உறை) ஒன்றை அழுத்திப் பொருத்துங்கள். இதற்காகும் கூடுதல் செலவை நான் யாரிடமும் குறைத்துக்கொள்ள ஒப்புவதில்லை.

ஸ்பிரிங்குக்கு வளையத்தைத் திரும்பத் தள்ளுவது மட்டுமே வேலை. முழுக்க இழுத்த நிலையில் 1 கிலோ போதும். வளையத்துக்கும் பெண் துண்டின் வெளிச்சுவருக்கும் இடையில் 0.3 மி.மீ. இடைவெளி விடுங்கள். இறுக்கமாகக் கடைந்தால் பார்க்க அழகு, ஆனால் நம் செம்மண் புகுந்து சிக்கிக்கொள்ளும். பின்பக்கம் இரண்டு சின்னத் திறப்பு வைத்தால் மண் தண்ணீரோடு வெளியேறும்.

வெளியே கை பிடிக்க நர்லிங் (சொரசொரப்பாக வெட்டிய கோடுகள்) மட்டும் போதாது, சோப்புக் கையில் வழுக்கும். வளையத்தின் முன் ஓரத்தில் 3 மி.மீ. உயரத்துக்கு ஒரு விளிம்பு விட்டு முனையை உருட்டுங்கள். விரல் அதில் மாட்டிக்கொள்ளும், இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

முடித்ததும் இரண்டு சோதனை. பிளம்பர்கள் பைப்பைச் சோதிக்கும் கைப் பம்பில் தண்ணீர் நிரப்பி 10 கிலோ அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். காற்றால் சோதிக்க வேண்டாம், விட்டுப்போனால் ஆளை அடிக்கும். அடுத்தது, 3 கிலோ அழுத்தத்தில் வளையத்தைக் கொக்கித் தராசால் இழுங்கள். 2.5 கிலோவுக்குள் நகர வேண்டும். அதற்கு மேல் போனால் குண்டுப் பள்ளத்தின் ஓரத்தையும் புஷ்ஷையும் திரும்ப மெருகேற்றுங்கள்.

எங்கள் பக்கம் போர்த் தண்ணீரில் உப்பு படியும். வளையம் கரகரவென்று ஓடினால் புளித்தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, மறுபடி சிலிகான் தடவினால் சரியாகிவிடும். காற்றுக் கம்ப்ரஸர் ஹோஸுக்கு மட்டும் இந்தக் கப்ளிங்கைப் போடாதீர்கள். அதற்குக் கழற்றும் முன்பே காற்றை வெளியேற்றும் வகை தனியாக இருக்கிறது, அதையே வாங்குங்கள்.