பழைய மெஷின், புது விண்டோஸ்: கேம் விளையாடுபவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழிகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கேம் ஓடும் கொம்பியூட்டர்களில் பல, கொழும்பு அலுவலகங்களில் வருடக்கணக்கில் உழைத்துவிட்டு மலையேறியவை. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், உள்ளே இன்டெலின் நான்காம் தலைமுறை ஐ5 சிப், 8 ஜி.பி. ராம், ஒரு சின்ன கிராபிக்ஸ் கார்ட். குறை சொல்ல முடியாத மெஷின்தான். அதில் எந்த விண்டோஸ் போடுவது என்ற இடத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள்.

வைரஸ் கார்ட் (ஆன்டிவைரஸ்) போடு, டிரைவர் போடு என்பதெல்லாம் இங்கே இல்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

"ஏழுதான் லேசு" என்று விண்டோஸ் 7 இல் நிற்பது

லேசு என்பது உண்மை. ஆனால் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும், கேம் வாங்கி இறக்கும் செயலியான ஸ்டீம் ஆதரவை நிறுத்திவிட்டது. காரணம் கேம் அல்ல. ஸ்டீமின் கடைப் பக்கமும் நூலகப் பக்கமும் குரோம் உலாவியின் பாகத்தை உள்ளே வைத்து ஓடுகின்றன. குரோம் 2023 இலேயே விண்டோஸ் 7 ஐக் கைவிட்டது. என்விடியாவும் 2021 இல் ஏழுக்கான புது கேம் டிரைவர்களை நிறுத்தியது. டைரக்ட்எக்ஸ் 12 (கேம் கிராபிக்ஸை ஓட்டும் விண்டோஸ் பாகம்) கேட்கும் கேம்கள் ஏழில் பெரும்பாலும் திறக்கவே திறக்காது. நெட் இல்லாமல் பழைய கேம் மட்டும் விளையாடும் மெஷினுக்கு ஏழு போதும். மற்றபடி அதை விட்டுவிடலாம்.

32 பிட் விண்டோஸ்

வேண்டாம். 4 ஜி.பி. ராம் போட்டாலும் முழுதாகப் பயன்படாது, ஸ்டீமும் 2026 ஜனவரி 1 உடன் கைகழுவிவிட்டது.

பழைய மெஷினில் பைபாஸ் போட்டு விண்டோஸ் 11 ஏற்றுவது

எரிச்சலைக் கிளப்பும் தவறு இதுதான். தலவாக்கலைப் பக்கத் தோட்டத்துப் பையன் ஒருவன் நான்காம் தலைமுறை ஐ5 மெஷினில் விண்டோஸ் 10 இல் வலோரண்ட் விளையாடிக்கொண்டிருக்கிறான். எந்தப் பிரச்சினையும் இல்லை. "பதினொன்னு போட்டா எஃப்.பி.எஸ் கூடுமாம்ணே" என்று யாரோ சொன்னதைக் கேட்டு (எஃப்.பி.எஸ் என்பது நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) டவுனில் ஒரு கடையில் கொடுக்கிறான். மாலையில் மெஷின் பளபளவென்று வருகிறது. வலோரண்ட்டைத் திறந்தால், செக்யூர் பூட்டும் டி.பி.எம் 2.0 உம் வேண்டும் என்று ஒரு பெட்டி. கேம் முடிந்தது.

செக்யூர் பூட் என்பது மெஷின் எழும்பும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் காவல், டி.பி.எம் என்பது பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பாகம். நடந்தது இதுதான். விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள மெஷின்களை ஏற்காது, டி.பி.எம் 2.0 கேட்கும். ரூஃபஸ் போன்ற கருவியில் அந்தச் சோதனைகளை நீக்கி பென் டிரைவ் தயாரித்தால் விண்டோஸ் ஏமாந்துவிடும். கள்ள ஆட்டத்தைப் பிடிக்க வலோரண்ட்டைக் காவல் காக்கும் வான்கார்ட் ஏமாறாது. விண்டோஸ் 10 இல் அந்த இரண்டையும் பொதுவாகக் கட்டாயமாக்காத அதே வான்கார்ட், பதினொன்றைக் கண்டதும் இரண்டையும் கேட்கிறது. ஆக, ஓடிக்கொண்டிருந்த கேமைக் காசு கொடுத்து நிறுத்தியதாகிறது. எஃப்.பி.எஸ்ஸும் கூடவில்லை. பதினொன்றின் வேலைப் பங்கீடு கைகொடுப்பது பெரிய கோர், சின்ன கோர் என்று பிரிந்த பன்னிரண்டாம் தலைமுறை இன்டெலில் இருந்துதான். நான்கு கோரும் ஒரே மாதிரி இருக்கும் ஐ5இல் அதற்குப் பிரிக்க ஒன்றுமில்லை.

கடைக்குக் கொடுக்குமுன் இரண்டு நிமிடம் ஒதுக்கினால் போதும். ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறக்கவும். பயாஸ் (மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) மோட் என்ற வரியில் லெகசி என்ற பழைய முறை இருக்கிறதா, யூ.இ.எஃப்.ஐ என்ற புது முறை இருக்கிறதா பாருங்கள். அடுத்து செக்யூர் பூட் ஸ்டேட். பிறகு செட்டிங்ஸில் விண்டோஸ் செக்யூரிட்டி, டிவைஸ் செக்யூரிட்டி, செக்யூரிட்டி புரொசெசர் விவரம் என்று போனால் ஸ்பெசிஃபிகேஷன் வெர்ஷன் என்று ஒரு எண் இருக்கும். நான்காம் தலைமுறை மெஷின்களில் அது பெரும்பாலும் 1.2, அல்லது அந்தப் பகுதியே இருக்காது. 1.2 என்றால் வலோரண்ட்டுக்குப் பதினொன்று கிடையாது. பயாஸைக் குடைந்து பயனில்லை. ஆறாம், ஏழாம் தலைமுறையில் பயாஸுக்குள் பி.டி.டி என்ற தெரிவு பல மெஷின்களில் இருக்கும், அதை ஆன் செய்தால் 2.0 கிடைக்கும். ஏ.எம்.டியின் ரைசன் மெஷின்களில் அதன் பெயர் எஃப்.டி.பி.எம்.

அதன் பிறகு நடக்கும் கூத்து இன்னும் மோசம். செக்யூர் பூட் வேண்டுமே என்று பயாஸில் லெகசியை அணைத்து யூ.இ.எஃப்.ஐக்கு மாற்றுகிறார்கள். டிஸ்கின் பகுதி அட்டவணை பழைய எம்.பி.ஆர் வகையாக இருந்தால் விண்டோஸ் எழும்பாது. புதிதாகப் போடலாம் என்று பென் டிரைவைச் செருகினால், இந்த டிஸ்கில் எம்.பி.ஆர் அட்டவணை இருக்கிறது, நிறுவ முடியாது என்று இன்ஸ்டாலர் சொல்லும். அந்த இடத்தில் அவசரக் கை எல்லாப் பகுதிகளையும் டிலீட் செய்கிறது. சி டிரைவோடு டி டிரைவும் போகும். டி டிரைவில்தான் கேம்கள், தங்கச்சியின் பிறந்தநாள் போட்டோ, ஓ/எல் பாஸ் பேப்பர் எல்லாம் இருந்தன. இதில் 50 ஜி.பி. கேம் ஒன்றைத் திரும்ப இறக்க, 10 எம்.பி.பி.எஸ் வேகம் இடைவிடாமல் கிடைத்தாலே 11 மணி நேரம். மழை நாளில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும் தோட்டத்து லயத்து வீட்டில் அது எத்தனை ராத்திரி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்கை அழிக்காமலே, யூ.இ.எஃப்.ஐ கேட்கும் புது வகையான ஜி.பி.டிக்கு மாற்றும் கருவி விண்டோஸ் 10 இலேயே இருக்கிறது. பிரைமரி பகுதிகள் மூன்றுக்கு மேல் இருந்தால் அது வேலை செய்யாது, அதனால் முதலில் சரிபார்க்கும் கட்டளை, பிறகுதான் மாற்றும் கட்டளை. மாற்றி முடித்ததும் பயாஸில் யூ.இ.எஃப்.ஐ. வரிசை முக்கியம். முதலில் பயாஸ், பிறகு டிஸ்க் என்று தலைகீழாகச் செய்யக்கூடாது.

இன்னொன்று. மிகப் பழைய கிராபிக்ஸ் கார்டுகளில் யூ.இ.எஃப்.ஐக்கான பகுதி இருக்காது. லெகசியை அணைத்து ரீஸ்டார்ட் செய்தால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். மெஷின் செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். கார்டைக் கழற்றி, மானிட்டர் வயரை மதர்போர்டில் குத்திப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, காசு அளவில் இருக்கும் அந்த வட்ட பேட்டரியை (சி.ஆர் 2032) ஐந்து நிமிடம் கழற்றி வைத்துத் திரும்பப் போட்டால் பெரும்பாலான போர்டுகளில் பயாஸ் பழைய நிலைக்கு வரும்.

பத்தின் மேலேயே அப்கிரேட் செய்து பதினொன்றுக்குப் போனவர்களுக்கு 10 நாள் அவகாசம் உண்டு. செட்டிங்ஸில் ரிகவரி போய் கோ பேக் அழுத்தினால் பத்துக்குத் திரும்பலாம். டிஸ்க் கிளீனப் போட்டுப் பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்திருந்தால் அந்த வழியும் அடைந்துவிடும்.

"பத்து செத்துப்போச்சு" என்று பதறுவது

மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. ஆனால் 22எச்2 என்ற கடைசிப் பதிப்பில் இருப்பவர்கள் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வாங்கும் திட்டம் ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் இலவசம், இல்லாவிட்டால் 30 அமெரிக்க டாலர். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு வரும். ஆனால் பேட்டில்ஃபீல்ட் 6 போன்ற கேம்கள் எந்த விண்டோஸ் என்று பார்ப்பதில்லை, செக்யூர் பூட் கேட்கும். அங்கே பத்து உங்களைக் காப்பாற்றாது.

புது மெஷினில் பத்தைப் போடுவது

இதுவும் தவறு. பன்னிரண்டாம் தலைமுறையில் இருந்து பதினொன்றுதான்.

டிஸ்க்கில் வந்த பழைய கேம்கள்

2000களில் சி.டியில் வந்த கேம்களில் பல சேஃப்டிஸ்க் என்ற காப்பித் தடைப் பூட்டோடு வந்தவை. விண்டோஸ் 10 இல் இருந்து அந்தப் பூட்டின் டிரைவரே கிடையாது, அதனால் கேம் திறக்காது. கேம் கெட்டுப்போகவில்லை, சி.டியிலும் கீறல் இல்லை. அதற்காக மெயின் மெஷினில் எக்ஸ்பி போட்டு நெட்டில் இணைப்பவர்களும் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். பூட்டில்லாமல் விற்கும் பதிப்பு கிடைத்தால் அதை வாங்குங்கள், அல்லது மூலையில் கிடக்கும் பழைய கோர் 2 டுயோவில் எக்ஸ்பி போட்டு நெட் வயரைக் கழற்றி வையுங்கள்.

டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் ஃபைல் இல்லை என்று வந்தால் விண்டோஸை மாற்ற வேண்டியதில்லை. கண்ட தளத்தில் இருந்து அந்த ஒரு ஃபைலை மட்டும் இறக்கி ஒட்டவும் வேண்டாம். மைக்ரோசாஃப்ட்டின் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் தொகுப்பைப் போட்டால் சரி. பழைய கேம் டைரக்ட்பிளே என்ற பாகத்தைக் கேட்டால் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் லெகசி கம்போனன்ட்ஸின் கீழ் டிக் போட வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கில் பத்து அல்லது பதினொன்று

அதைவிட மிக வேகமான எஸ்.எஸ்.டி வாங்கிய பிறகு பேசுவோம்.

இடி இடிக்கும் நேரத்தில் நிறுவுவது

சித்திரையிலும் ஐப்பசியிலும் நம் பக்கம் பின்னேரம் ஆனால் இடி. கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டிஸ்கை மாற்றும்போது போனால் விண்டோஸ் எழும்பாமல் போகலாம், பயாஸ் அப்டேட் ஓடும்போது போனால் பயாஸ் சிப்பைக் கழற்றி எழுத வேண்டிய நிலையே வரலாம். யூ.பி.எஸ் இல்லாவிட்டால் இந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டரையும் வலோரண்ட் இருக்கும் ரயட் கேம்ஸ் ஃபோல்டரையும் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். புது விண்டோஸில் ஸ்டீமைப் போட்டு, ஸ்டோரேஜ் பக்கத்தில் அந்த ஃபோல்டர் இருக்கும் டிரைவைச் சேர்த்தால், அது ஃபைல்களைச் சரிபார்த்துவிட்டுக் குறைவதை மட்டும் இறக்கிக்கொள்ளும்.