கைலி வாங்கியதும் மூட்டக் கொடுக்காதீர்கள்

சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கட்டம் போட்ட பருத்திக் கைலி வாங்கினால், மூட்டுவதற்கு, அதாவது இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பதற்கு, முன் ஒருமுறை நனைத்துவிடுங்கள். புதுத் துணியின் கஞ்சி இறங்கும், சுருங்க வேண்டியதும் பெரும்பாலும் அப்போதே சுருங்கிவிடும். மூட்டிய பிறகு சுருங்கினால் தையல் இழுத்துக்கொள்ளும், கட்டும்போது மடிப்பு நிற்காது.

அதற்கும் முன்னால், ஈர வெள்ளைத் துணியை ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டாவிட்டால் ராத்திரி முழுக்க ஊறலாம். ஒட்டினால் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் போதும். முதல் மூன்று நான்கு துவையல் தனியாகத்தான். எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் உப்பு, சோப்பு சரியாக நுரைக்காது. கடைசி அலசலுக்காவது ஒரு பக்கெட் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் ஒதுக்குங்கள். அப்புறம் உள்பக்கத்தைத் திருப்பி நிழலில் காயப் போடுங்கள்.

ஒரு கைலிக்கு இவ்வளவா என்பார்கள். ஆமாம், இவ்வளவுதான் வேண்டும். வண்ணாரப்பேட்டை என்ற பெயரே கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இங்கே துணி வெளுத்தவர்களால் வந்தது. திருவொற்றியூர் பக்கத்துக் காலாடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையில் கம்பெனியின் ஆளுநராக இருந்த காலெட்டின் பெயரில் நெசவாளர்களுக்காக உருவான இடம். துணியால் உண்டான ஊர் இது.

விருந்தாளி வந்தால் அப்பா அவசரமாக பேன்ட்டுக்கு மாறுவார். பார்க்க வருத்தமாக இருக்கும். நான் மாறுவதில்லை, துவைத்து மடித்த கைலியிலேயே வாசலுக்குப் போய் "வாங்க" என்கிறேன்.