சிறுவர் பகுதி நூலகராக ஆசையா? முதலில் நாலு மணிக்குப் போய் உட்காருங்கள்

நூலகர் ஆக என்ன படிக்க வேண்டும் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, பள்ளி விடுகிற நாலு மணிக்குப் பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போய் சிறுவர் பகுதியில் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்கள் என்பதைத்தான். அந்த இரைச்சல் பிடித்தால் மேற்கொண்டு படியுங்கள்.

படிப்பு விஷயம் எளிது. பட்டம் வாங்கியவர்கள் நூலகவியலில் இளநிலைப் படிப்பான பி.லிப்., அதன்பின் முதுநிலைப் படிப்பான எம்.லிப். படிக்கலாம். கடலூர்க்காரர்களுக்குச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், புதுச்சேரிக்காரர்களுக்குக் காலாப்பட்டில் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டுப் பொது நூலக வேலைக்கு டிஎன்பிஎஸ்சி அறிவிப்பைப் பாருங்கள், புதுச்சேரி அரசு தனியாக ஆள் எடுக்கும். கல்லூரி நூலகராகப் போக நினைத்தால் எம்.லிப். முடித்து நெட் அல்லது செட் தகுதித் தேர்வு எழுத வேண்டும்.

ஆனால் பிள்ளைகளிடம் பேசுவதைப் பாடத்தில் கற்க முடியாது. ஒருநாள் பத்து வயசுப் பையன் ஒருத்தன் வந்து "கப்பல் புத்தகம் இருக்கா?" என்றான், படம் போட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தேன், நாலு பக்கம் புரட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேஜையில் வைத்துவிட்டான். "எந்த மாதிரி கப்பல்டா தம்பி?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதும்தான் விஷயம் வந்தது, அவன் அப்பா கடலூர் முதுநகரில் விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர், அவனுக்கு அந்த எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்குகிற டூயி முறையில் கப்பல் 623.8, எஞ்சின் 621.43, அலமாரியில் இரண்டுக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. அந்த ஒரு முழத்தைக் கடக்க வைப்பதுதான் நம் வேலை என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று 1931-இல் எழுதி வைத்தாரே நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன், அவரும் கொள்ளிடம் தாண்டினால் வருகிற சீர்காழிக்காரர்தான்.

அதனால் பிள்ளை முதலில் கேட்டதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடாமல் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். எத்தனாவது படிக்கிறாய் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், தட்டுத்தடுமாறிப் படிக்கிற பிள்ளை அங்கேயே சுருங்கிவிடும்.

கதை சொல்லும்போது புத்தகத்தைப் பக்கவாட்டில், படம் பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு வாசிக்கப் பழகுங்கள். முதலில் கை வலிக்கும், வரி தவறும், வீட்டில் யாரையாவது எதிரே உட்கார வைத்துப் பழகினால் சரியாகிவிடும்.

பதின்வயசுப் பிள்ளைகள் வேறு ரகம். குட்டி நாற்காலி போட்ட இடத்தில் அவர்கள் உட்காரமாட்டார்கள், ஒரு மூலையாவது அவர்களுக்கென்று வேண்டும். ஒரு பெண் உடல்நலப் புத்தகம் ஒன்றை இரண்டு நாவலுக்கு நடுவில் செருகிக்கொண்டு வந்து நீட்டினால், தலைப்பை வாய்விட்டுப் படிக்காமல் தேதி முத்திரை போட்டுக் கொடுத்து அனுப்புங்கள். அப்படிக் கொடுத்தால்தான் அடுத்த தடவையும் வருவாள்.

இன்னொன்று, இதில் விளையாட்டே கூடாது. தனக்கு யாரோ தொல்லை கொடுப்பதாக ஒரு பிள்ளை சொன்னால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் போலீசில் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ மேஜையில் ஒட்டி வையுங்கள்.

கடைசியாக, நம் கடற்கரை ஊர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். சிறுவர் அலமாரி உயரம் குறைவு, புயல் மழையில் தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது அதுதான். ஐப்பசி பிறக்கும் முன்பே அடித்தட்டைக் காலி செய்துவிடுங்கள். அப்படியும் நனைந்துவிட்டால் வெயிலில் காயப்போடாமல், பக்கங்களுக்கு நடுவே உறிஞ்சும் தாளை வைத்து மின்விசிறிக் காற்றில் விரித்து நிறுத்துங்கள். ஈரம் இரண்டு நாள் நின்றாலே பூஞ்சை பிடித்துவிடும்.